தூசி நமக்கு, படிப்பு யாருக்கு?

பொழுது விடியுமுன்பே தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறவர்கள், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகிணி ஆலைகளுக்குப் போகிறவர்கள், ஜல்லி கிரஷருக்குப் போகிறவர்கள், தளிப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் கூட்டம் இது. மாலையில் இவர்கள் திரும்பும்போது கூலியோடு வேறொன்றையும் சுமந்து வருகிறார்கள். கிரஷர் தொழிலாளி நெஞ்சுக்குள் கல் தூசியைக் கொண்டு வருகிறார். தோட்டத்துப் பெண் முந்தானையில் பூச்சி மருந்து வாடையைக் கொண்டு வருகிறார். முலாம் பூசும் பிரிவில் நிற்பவர் தொண்டையில் ஆசிட் ஆவியின் எரிச்சலைக் கொண்டு வருகிறார். எந்தச் சம்பளச் சீட்டிலும் இதற்குக் கணக்கு இல்லை.

இதைக் கணக்குப் பார்க்க ஒரு படிப்பு இருக்கிறது. காற்றிலும் நீரிலும் மண்ணிலும் தொழில் நடக்கும் இடத்திலும் மனித உடம்புக்குள் என்ன புகுகிறது, எவ்வளவு புகுகிறது, எதை மாற்றினால் அது நிற்கும் என்று அளந்து சொல்லும் படிப்பு. சுற்றுச்சூழல் சுகாதாரம் என்று அதற்குப் பெயர். டாக்டர் நோய் வந்த பிறகு மருந்து கொடுக்கிறார். இந்தப் படிப்புப் படித்தவர் நோய் வருமுன் அது வரும் வழியை அடைக்க வேண்டியவர். நகராட்சியின் சுகாதார இன்ஸ்பெக்டர், ஆலையின் பாதுகாப்பு அதிகாரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இஞ்சினியர், தண்ணீர் சோதிக்கும் கூடத்தின் ஊழியர் எல்லாரும் இந்தப் படிப்பின் கிளைகளில் நிற்பவர்கள்தான்.

இந்தப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் வேண்டும், இதில் தலைமைப் பயிற்சி வேண்டும் என்று உலகெங்கும் பேசப்படுகிறது. நல்லதுதான். யாருக்கு என்பதுதான் நம் கேள்வி. தூசியைச் சுவாசிக்கிறவன் ஒருவன், தூசியை அளக்கப் படிக்கிறவன் வேறொருவன் என்ற நிலை இருக்கும்வரை, அளந்த கணக்கு ஆபீஸ் பீரோவிலேயே தூங்கும்.

பழைய கதை ஒன்றைச் சொல்கிறோம். அன்றைய சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், உழவு மாடுகள் காரணம் தெரியாமல் மூட்டு இறுகி நடக்க முடியாமல் போவதை முதலில் கண்டவர்கள் விவசாயிகள். எந்தக் கருவியும் அவர்களிடம் இல்லை. மாட்டைப் பார்த்தார்கள், பிறகு மனிதர்களையும் பார்த்தார்கள். பல் கறுத்திருந்தது, முதுகு விறைத்திருந்தது. 1937-ல் டாக்டர் ஷார்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை ஆராய்ந்து, கிணற்று நீரிலுள்ள புளோரைடு என்ற பொருளே காரணம் என்று எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றி வந்த தொடக்க கால ஆராய்ச்சிகளில் ஒன்று அது.

அதே புளோரைடு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் போர்க் கிணறுகளிலும் இருந்தது. நிறமில்லை, வாடையில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய நிர்ணயம். அதைவிட அதிகம் கலந்த நீரைக் குடித்துத் தலைமுறைகள் வளர்ந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல்தான் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஜப்பானியக் கடனோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 1937-க்கும் 2013-க்கும் நடுவில் 76 வருஷம். நோய் என்னவென்று தெரிந்த பிறகு கழிந்த வருஷங்கள் இவை என்பதை மறக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட கிராமங்களிலேயே தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த, சோதித்ததை எழுதி மேலே அனுப்பத் தெரிந்த, பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் பத்துப் பேர் இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா?

தண்ணீர்க் கதை இப்படியென்றால் தூசியின் கதை இன்னும் மோசம். கிருஷ்ணகிரி ஜில்லாவின் கருங்கல் உலகச் சந்தைக்குப் போகிறது. அதை வெட்டுகிறவன், உடைக்கிறவன், மெருகேற்றுகிறவன் நெஞ்சில் சிலிக்கா தூசி படிகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடித்து நிறுத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண் தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி அதை இறுக்குகிறது. வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. சிலிகோசிஸ் என்ற இந்த நோய் வெளிப்பார்வைக்குக் காசநோய் மாதிரியே இருக்கும். காசநோயையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போனால் மார்பு எக்ஸ்ரே எடுத்து, காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது நாடெங்கும் நடக்கிறது. "என்ன வேலை செய்கிறாய்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கப் பயின்றவர் அங்கே இல்லை. காசநோய் என்று சீட்டில் எழுதினால் அது அவன் விதி; சிலிகோசிஸ் என்று எழுதினால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய தொழில் நோய். ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது. துளையிடும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சினாலே தூசியில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பது உலகறிந்த விஷயம். தண்ணீருக்கும் குழாய்க்கும் ஆகும் செலவைவிட ஆள் மலிவு என்று கருதுகிறவர்கள்தான் அதைச் செய்வதில்லை.

ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது கதை தெரியும். நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வருகிறது. மழைக் காலத்தில் மதகு திறந்தால் பஞ்சு மூட்டை போல நுரை பொங்கிப் பாலத்தையும் வயலையும் மூடுகிறது. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் 2017-ல் தண்ணீர்ப் பரப்பின் மேலேயே தீப்பிடித்ததை நாடே பார்த்தது. அந்த ஏரிகளைச் சீர்திருத்த 500 கோடி ரூபாயை ஒதுக்கி வைக்கும்படி 2018-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக சர்க்காருக்கு உத்தரவிட்டது. நுரைக்கு எல்லைச் சோதனைச் சாவடி இல்லை. அதிகாரிகளுக்கு மட்டும் இருக்கிறது. அந்த நீரில் கால் வைத்து நாற்று நடும் பெண்ணுக்குக் காலில் புண் வந்தால், அவள் எந்த ராஜ்யத்தின் வாரியத்தில் போய்ச் சொல்வாள்?

இப்போது உபகாரச் சம்பளத்துக்கு வருவோம்.

தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க மத்திய சர்க்கார் கொடுக்கும் உதவி 1944-ல், டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை வகித்த நாளில் தொடங்கியது. அதனால் படித்து மேலே வந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று 2013-ல் ஒரு வரம்பு கட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா ஆலையில் மாதம் 12 ஆயிரம், அம்மா இன்னொரு ஆலையில் மாதம் 12 ஆயிரம். வருஷத்துக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். காண்ட்ராக்டில் வேலை செய்யும் இந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிய குடும்பமாகிவிடுகிறது! அரிசி விலை, வீட்டு வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் ஏறும்; வரம்பு மட்டும் ஏறக் கூடாதா?

துப்புரவுத் தொழில் முதலிய சுகாதாரக் கேடான தொழில் செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு 1977-78 முதல் ஒரு தனி உதவித் திட்டம் உண்டு. அது பத்தாம் வகுப்போடு முடிகிறது. சாக்கடையின் நாற்றத்தையும் அதில் வரும் விஷ வாயுவையும் தகப்பன் மூலம் அறிந்த பிள்ளைதான் சுகாதார இன்ஸ்பெக்டர் படிப்புக்கு முதல் தகுதியுள்ளவன் என்று நாம் சொல்வோம். ஆளும் வர்க்கத்தின் எண்ணம் வேறு மாதிரி இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளி மகன் துப்புரவுத் தொழிலாளியாகவும், அவனை மேற்பார்ப்பவன் வேறிடத்துப் பிள்ளையாகவும் இருப்பதுதான் அதற்கு இயற்கையாகத் தோன்றுகிறது.

வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உபகாரச் சம்பளத்தின் கதி என்ன? வருஷத்துக்கு 125 இடங்கள். 2025-ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போயிற்று, மற்றவர்களுக்குப் பணம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். கோடீஸ்வரர்களின் வரியைக் குறைக்கும்போது பணம் வந்தால் பார்க்கலாம் என்று சொன்னதாக நமக்கு நினைவில்லை.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022-லும் மாணவர்களுக்கு 2024-லும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களைத் தமிழக சர்க்கார் தொடங்கியது. அதை வரவேற்கிறோம். ஆயினும் எந்தப் படிப்பில் சேர்வது என்று வழிகாட்ட ஆளில்லாமல், நம் பிள்ளைகள் கிடைத்த கல்லூரியில் கிடைத்த பாடத்தில் சேர்ந்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து அதே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள்.

இத்தனைக்கும் நம் ராஜ்யத்துக்கு இந்தத் துறையில் நல்ல பாரம்பரியம் உண்டு. 1939-ம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இலாகாவும் தனி ஊழியர் அணியும் வைத்திருப்பது தமிழகம். கொசு முதலிய நோய் பரப்பும் பூச்சிகளையும், விலங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்களையும் பற்றிய அரசு நிறுவனம் ஓசூரிலேயே இருக்கிறது. கொசுவைப் படிக்க ஓசூரில் இடமிருக்கும்போது கல் தூசியையும் ஆசிட் ஆவியையும் பூச்சி மருந்தையும் படிக்க ஏன் இடமிருக்கக் கூடாது? கொசு முதலாளியின் சொத்தாக இல்லாததுதான் வித்தியாசமோ என்னவோ!

இனி, தலைமைப் பயிற்சி. கம்பெனிகள் தங்கள் மானேஜர்களை நட்சத்திர ஓட்டல்களில் உட்கார வைத்துத் தலைமைக் குணம் கற்றுக் கொடுக்கின்றன. நாம் கேட்பது அதுவன்று. வேலை செய்யும் இடத்தில் ஆபத்தைக் கண்டுபிடித்து, தோழர்களுக்கு விளக்கி, முதலாளியிடமும் இன்ஸ்பெக்டரிடமும் பயமின்றி வாதாடத் தெரிந்த தொழிலாளியே நாம் சொல்லும் தலைவர். இந்தப் பயிற்சியை ஒரு காலத்தில் சட்டமே உரிமையாகக் கொடுத்திருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1984 டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கொன்றது. அந்த ஆலையின் தொழிலாளர்கள் விபத்துக்கு முன்பே ஆபத்தைப் பற்றிக் கூக்குரலிட்டவர்கள்; கேட்பார் இல்லை. நாடு அதிர்ந்த பிறகு 1987-ல் பாக்டரி சட்டத்தைத் திருத்தி 111-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்டுப் பெற ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை உண்டு. ஆலைக்குள்ளேயே பயிற்சி பெற உரிமை உண்டு, இல்லையேல் முதலாளி தன்னை ஓர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிப் பயிற்சி தரும்படி கேட்கவும் உரிமை உண்டு. குறைகளை இன்ஸ்பெக்டரிடம் நேரே முறையிடவும் உரிமை உண்டு. இதுதான் அந்தப் பிரிவின் சாரம். ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி கட்டாயம் என்றும் அதே திருத்தம் சொன்னது. போபாலில் செத்தவர்கள் நமக்கு விட்டுப்போன சொத்து இது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமுலுக்கு வந்தன. பாக்டரி சட்டம் போயிற்று. புதிய தொகுப்பின் 14-வது பிரிவில் விவரம் கேட்கும் உரிமை இருக்கிறது. முறையிடலாம் என்றும் இருக்கிறது. பயிற்சி நிலையத்துக்கு அனுப்பு என்று கேட்கும் உரிமையைக் காணோம். பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமைகளில் ஒன்று என்று வேறோரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். எது பயிற்சி, எவ்வளவு பயிற்சி என்று அவரே தீர்மானிப்பார். அரை மணி நேரம் சினிமாப் படம் காட்டி ஹெல்மெட் கொடுத்தால் பயிற்சி முடிந்தது! பாதுகாப்புக் கமிட்டியும் சர்க்கார் உத்தரவு போட்டால் அமைக்க வேண்டியது என்றாகிவிட்டது. பெரிய ஆலைகளின் கேட்டில் நின்று வேலை நேரத்தைப் பற்றியும் வேலை நீக்கத்தைப் பற்றியும் பேசினோம், அது சரியே. இந்தச் சின்னப் பிரிவு பறிபோனதைப் பற்றிப் பேசினோமா?

இங்கே நம் குற்றத்தையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 111-ஏ பிரிவு உயிரோடிருந்த 38 வருஷங்களில் அதைச் சொல்லி ஒரு தொழிலாளியையாவது பயிற்சிக்கு அனுப்பச் செய்த சங்கக் கிளைகள் எத்தனை? போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் போராடினோம். தூசி அலவன்ஸ் கேட்டோம். பவுண்டரிகளில் தூசிக்கு மாற்று என்று வெல்லம் வாங்கிக் கொடுத்துவிட்டோம். வெல்லம் நுரையீரலுக்குள் போகாது என்பதைச் சொல்ல ஒரு ஆளை நாம் தயார் செய்யவில்லை.

இத்தாலி நாட்டுத் தொழிலாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஆபத்துக்கு அலவன்ஸ் வாங்குவது உடம்பை விற்பது என்று சொல்லி அதை மறுத்தார்கள். 1973-ல் உலோகத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் மூன்று வருஷத்துக்கு 150 மணி நேரம் சம்பளத்தோடு படிக்கும் உரிமையை வென்றார்கள். எழுத்தறிவு குறைந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். சிலர் சர்வகலாசாலை வாசலுக்குள் நுழைந்து, தங்கள் ஆலையின் புகையையும் இரைச்சலையும் பற்றி ஆசிரியர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மறு வருஷம் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்புக்கென்று 140-வது உடன்படிக்கையையே நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மத்திய இந்தியாவில் தல்லி ராஜ்ஹரா இருக்கிறது. இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பாலும் சந்தாவாலும் 1983-ல் ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். நல்லெண்ணம் கொண்ட டாக்டர்கள் வந்து, தொழிலாளர் குடும்பத்தவர்களையே சுகாதார ஊழியர்களாகப் பழக்கினார்கள். நம் கடலூரும் இருக்கிறது. அங்கே சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004-ல் காற்று மாதிரி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கருவி என்ன தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சிறு பம்பு. எந்த நாள், எந்த நேரம், எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன வாடை வந்தது என்று நோட்டில் குறித்தார்கள். பிடித்த காற்றைச் சோதித்தபோது அதில் விஷ வாயுக்கள் இருப்பது தெரிந்தது. நாற்றம் என்று அதுவரை ஒதுக்கப்பட்ட புகார், கணக்காக மாறியதும், உச்ச நீதிமன்றம் நியமித்த கண்காணிப்புக் கமிட்டி அந்த ஊருக்கே வந்து கேட்டது.

நம் வட்டாரத்தில் இதற்குத் தேவை இல்லையா? 2024 செப்டம்பர் 28 அதிகாலை ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையின் ரசாயனப் பொருள் வைத்திருந்த பகுதியில் தீப்பிடித்தது. தொழிலாளர்களை வெளியேற்றினார்கள், மூச்சுத் திணறிய சிலர் சிகிச்சை பெற்றார்கள். புகை நெடுந்தூரம் தெரிந்தது. ஆபத்தான ஆலை தன்னிடமுள்ள பொருள்களின் கெடுதலைத் தொழிலாளருக்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டார ஜனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் 1987 முதல் சொல்கிறது. எரிந்தது என்ன, அந்தப் புகையில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்துக் கிராமத்துக்காரருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டாமா?

இப்படியெல்லாம் கேட்டால் கம்பெனிகள் எல்லை தாண்டிப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பக்கத்தில் அதே முதலாளிகள் அங்குள்ளவர்களிடம் ஓசூருக்குப் போய்விடுவோம் என்று சொல்கிறார்கள்! அத்திப்பள்ளியில் ஒரு கோரிக்கை, ஓசூரில் ஒரு கோரிக்கை என்றிருந்தால் இந்தப் பயமுறுத்தல் பலிக்கும். இரண்டு பக்கத்துச் சங்கங்களும் பயிற்சி உரிமையையும் தூசி அளவையும் ஒரே வாசகத்தில் கேட்கட்டும். நுரை அனுப்புகிற ஊரிலும் நுரை வாங்குகிற ஊரிலும் இருப்பவர்கள் நம் வர்க்கத்தார்தான்.

தமிழக சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஓசூரிலுள்ள நிறுவனத்தோடு சேர்த்துத் தொழில் சுகாதாரத்துக்கும் நீர், காற்றுச் சோதனைக்கும் ஒரு படிப்பு தொடங்க வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் இடமும் விடுதியும் முழு உபகாரச் சம்பளமும் வேண்டும். மலைக் கிராமத்து இருளர் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. படித்து வந்தவருக்குக் காண்ட்ராக்ட் அல்லாத நிரந்தர வேலை வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேலை புதுப்பிக்க வேண்டியவர் எந்த முதலாளிக்கு எதிராக ரிப்போர்ட் எழுதுவார்?

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும் ஆலைக் கிளைகள், பழைய 111-ஏ பிரிவின் வாசகத்தை எடுத்து அப்படியே ஒரு கோரிக்கையாக எழுதட்டும். வருஷத்துக்கு இத்தனை பேர், இத்தனை நாள், முழுச் சம்பளத்தோடு என்று எண்ணிக்கையும் போடட்டும். சட்டத்திலிருந்து எடுத்துவிட்டதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள எவரும் தடை சொல்ல முடியாது. ரோஜாத் தோட்டத்துப் பெண்களின் சங்கங்கள், பூச்சி மருந்து தெளிப்பவருக்குக் காப்புடை கொடுக்க வேண்டும் என்ற 1971-ம் வருஷத்து விதியைக் கையில் வைத்துக்கொண்டு தோட்ட மானேஜரிடம் போகட்டும்.

விவசாயத் தொழிலாளர் கிளைகளுக்கு ஒரு வேலை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் தருவதாக மத்திய சர்க்கார் சொல்லியிருக்கிறது. உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார், பெட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் எந்தக் கிணற்று நீரைச் சோதித்தார்கள் என்று இந்த வாரமே பஞ்சாயத்து ஆபீசில் கேளுங்கள். கிடைத்த பதிலை, பதில் கிடைக்காவிட்டால் அதையும், ஊர்ப் பெயரோடு நமக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.